பெட்டியில் எழுதியிருக்கும் டிபிஐயை நம்பி ஃபிலிம் ஸ்கேனர் வாங்கலாமா?

வாசகி கேட்டிருப்பது

மறைந்த அப்பாவின் அலமாரியில் கிடைத்த ஃபிலிம்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்ய நினைக்கும் வாசகி ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பவை: நான்கு நான்காகவும் ஆறு ஆறாகவும் வெட்டிய 35 மி.மீ. கலர் நெகட்டிவ்கள், மொத்தம் சுமார் 1,400 படங்கள். மவுன்ட் போட்ட கலர் ஸ்லைடுகள் 300. தாத்தா எடுத்த 6×6 செ.மீ. கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் 60. நிறையப் படங்களில் தூசியும் கீறலும் இருக்கின்றன. ஓர் உறையைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்கிறது. இன்னொன்றில் இரண்டு துண்டுகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அம்மாவின் 70-ஆவது பிறந்தநாள் நான்கு மாதத்தில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணி நேரம் இதற்கு ஒதுக்க முடியும்.

மூன்று கருவிகளைப் பார்த்து வைத்திருக்கிறார்: சிறு திரையுடன் வரும் "22 மெகாபிக்சல்" கருவி, "6400 டிபிஐ" பிளாட்பெட் ஸ்கேனர் (தட்டையான கண்ணாடி மேல் வைத்து எடுப்பது), "7200 டிபிஐ" 35 மி.மீ. ஃபிலிம் ஸ்கேனர். எண் பெரிதாக இருப்பதை வாங்கிவிட்டால் போதும், டிஜிட்டல் ஐஸ் வசதி இருந்தால் தூசியைப் பற்றிக் கவலை இல்லை, வேலை முடிந்ததும் நெகட்டிவ்களை அப்புறப்படுத்திவிடலாம் என்பது அவர் எண்ணம். "என்னிடம் 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமராவும் அதோடு வந்த ஜூம் லென்ஸும் உள்ளன. அது இந்த வேலைக்கு உதவாதுதானே?" என்றும் கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

எந்த ஸ்கேனர் என்று கேட்பதற்கு முன்பே உங்களிடம் என்னென்ன ஃபிலிம் இருக்கிறது என்று எண்ணி எழுதிவிட்டீர்கள். பாதி முடிவு அதிலேயே இருக்கிறது. கருவியைத் தீர்மானிக்க வேண்டியது ஃபிலிமின் அளவும் வகையும்தான். பெட்டியின் மேல் போட்டிருக்கும் எண் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

டிபிஐ என்று விளம்பரத்தில் வருவது, ஒரு அங்குலத்தில் கருவி எத்தனை புள்ளிகளைப் பதிவு செய்கிறது என்ற கணக்கு மட்டுமே. அந்தப் புள்ளிகளில் உண்மையான விவரம் இருக்கிறதா என்பது உள்ளே இருக்கும் லென்ஸையும் ஃபோகஸையும் பொறுத்தது. எப்சன் வி600 பிளாட்பெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் எண் 6400. சோதனைப் பலகை வைத்து அளந்தால் 1,600-ஐ ஒட்டிய நுணுக்கமே கிடைக்கிறது. பிளஸ்டெக் ஆப்டிக்ஃபிலிம் 8200ஐ ஸ்கேனரின் எண் 7200. அளந்தால் கிடைப்பது 3,200 முதல் 3,800 வரை. விளம்பர எண்களில் வித்தியாசம் கொஞ்சம்தான். உண்மையில் ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு.

35 மி.மீ. படத்தின் அளவு 36×24 மி.மீ. 1,600 டிபிஐ உண்மை நுணுக்கம் என்றால் 2,268×1,512 புள்ளிகள், அதாவது 3.4 மெகாபிக்சல். இதில் 7×5 அங்குலப் பிரிண்ட் அழகாக வரும். தொலைக்காட்சித் திரையில் போட்டுக் காட்டவும் குறை சொல்ல முடியாது. 3,200 டிபிஐ என்றால் அதே படம் கிட்டத்தட்ட 14 மெகாபிக்சல். குழுப் படத்தில் கடைசி வரிசையில் நிற்பவரின் முகத்தை வெட்டிப் பெரிதாக்கலாம். அதற்கு மேல் துரத்த வேண்டியதில்லை. சாதாரண கேமராவில், வேகமான ஃபிலிமில், கையில் பிடித்து எடுத்த குடும்பப் படங்களில் பெரும்பாலும் அவ்வளவு விவரமே பதிந்திருக்காது. கூடுதல் டிபிஐ ஃபிலிமின் மணியைத்தான் (கிரெயின் எனப்படும் புள்ளிப் புள்ளியான சொரசொரப்பை) பெரிதாக்கிக் காட்டும்.

டிஜிட்டல் ஐஸ் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது

உங்கள் எண்ணத்தில் நான் முதலில் திருத்த விரும்புவது இதை. டிஜிட்டல் ஐஸும் அதைப் போன்ற மற்ற வசதிகளும் ஃபிலிமை அகச்சிவப்பு ஒளியிலும் ஒரு முறை படிக்கின்றன. கலர் ஃபிலிமில் படத்தை உருவாக்கியிருப்பது சாயம். அகச்சிவப்பு ஒளி அதைத் தடையின்றிக் கடந்துவிடும். தூசியும் கீறலும் அதைத் தடுக்கும். எனவே அகச்சிவப்புப் பதிவில் தெரிவதெல்லாம் அழுக்கு என்று கண்டுகொண்டு, மென்பொருள் அந்த இடங்களைச் சுற்றியுள்ள நிறத்தால் நிரப்புகிறது.

கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுக்கும். ஸ்கேனருக்கு முழுப் படமும் தூசியாகத் தெரியும். கண்ணையும் மூக்கையும் கூடச் சுத்தம் செய்துவிடும். ஆகவே தாத்தாவின் 60 படங்களுக்கு இந்த வசதி பயன்படாது. அவற்றை ஸ்கேன் செய்யும்போது அணைத்தே வைக்க வேண்டும். கலர் நெகட்டிவுக்கான சி-41 முறையில் கழுவும் இல்ஃபோர்டு எக்ஸ்பி2 போன்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம்கள் விதிவிலக்கு. அவற்றில் இருப்பது சாயம்தான்.

ஸ்லைடு மவுன்ட்டில் "கோடாக்குரோம்" என்று அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஃபிலிமின் இருண்ட பகுதிகள் அகச்சிவப்பை ஓரளவு தடுப்பதால், மெல்லிய விவரங்களைத் தூசி என்று நினைத்து மென்பொருள் அழித்துவிடக்கூடும். ஒரே ஸ்லைடை வசதியோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் ஸ்கேன் செய்து, தலைமுடி, புடவைக் கரை போன்ற இடங்களை முழு அளவில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உங்களிடம் 1,700 கலர் படங்கள், அதுவும் கீறலோடு இருக்கின்றன. ஒரு படத்தைக் கையால் தூசி நீக்கிச் சரிசெய்யப் பத்து நிமிடம் எளிதாகப் போய்விடும். அதனால் அகச்சிவப்பு வசதி இல்லாத எதையும் கலர் படங்களுக்காக வாங்காதீர்கள். பெயர் ஒன்றுபோலவே இருக்கும் மாடல்களில் கவனம் தேவை: பிளஸ்டெக் 8100-இல் இந்த வசதி கிடையாது, 8200ஐ-யில் உண்டு.

மூன்று கருவிகளும், நீங்கள் ஒதுக்கிவிட்ட நான்காவதும்

சிறு திரையுள்ள கருவியை விட்டுவிடுங்கள். அதற்குள் இருப்பது ஒரு சிறிய கேமரா. 22 மெகாபிக்சல் என்பது பெரும்பாலும் குறைந்த புள்ளிகளை மென்பொருளால் ஊதிப் பெருக்கிய எண். ஜேபெக் மட்டுமே தரும். வெளிச்சமான இடங்கள் வெளுத்துப் போகும். படத்தின் ஓரங்களை வெட்டும். அகச்சிவப்பு வசதி இல்லை. ஒரு படத்துக்குச் சில விநாடிதான் ஆகும் என்பது உண்மை. எந்த உறையில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட மட்டும் அது உதவும், அதற்கு உங்கள் ஃபோனே போதும்.

பிளாட்பெட் உங்களுக்குக் கைகொடுக்கும் இடம், நெகட்டிவ் தொலைந்துபோன காகிதப் பிரிண்ட்கள். அவற்றுக்கு 600 டிபிஐ தாராளம். வீட்டுப் பிரிண்டரோடு இருக்கும் ஸ்கேனரே அதைச் செய்யும். 35 மி.மீ. ஃபிலிமுக்கு அது நடுத்தரம். ஒரே கருவியில் எல்லா அளவையும் முடித்துவிட வேண்டும், பெரிய பிரிண்ட் தேவையில்லை என்றால் அகச்சிவப்பு வசதியுள்ள பிளாட்பெட்டை வாங்குவதில் தவறில்லை. எப்சன் வி850 போன்ற மேல்நிலை மாடலில் உண்மை நுணுக்கம் 2,300 அளவில் இருக்கும், 35 மி.மீ. படங்கள் பதினெட்டை ஒரே நேரத்தில் அடுக்கலாம் என்பது பெரிய வசதி.

உங்கள் குவியலுக்கு என் தேர்வு, அகச்சிவப்பு வசதியுள்ள 35 மி.மீ. ஃபிலிம் ஸ்கேனர். 1,400 நெகட்டிவும் 300 ஸ்லைடும் அதில் போகும். ஹோல்டரை ஒவ்வொரு படத்துக்கும் கையால் நகர்த்த வேண்டும், 6×6 ஃபிலிம் அதில் நுழையாது. இவை இரண்டும் அதன் குறைகள்.

நுழையாத அந்த 60 படங்களுக்குத்தான் "உதவாது" என்று நீங்கள் ஒதுக்கிய கேமரா. உங்களுடையது ஏபிஎஸ்-சி சென்சார் (35 மி.மீ. படத்தைவிடச் சிறியது) என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறேன். 35 மி.மீ. படம் அந்தச் சென்சாரை நிரப்ப வேண்டுமானால் 0.65 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். கேமராவோடு வரும் ஜூம் லென்ஸ்கள் பெரும்பாலும் 0.25 முதல் 0.35 வரைதான் போகும். அதற்கு மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் இல்லாமல் முடியாது. ஆனால் 6×6 படத்தின் உண்மையான பக்கம் 56 மி.மீ., சென்சாரின் உயரம் சுமார் 15.6 மி.மீ. அதற்கு 0.28 மடங்கு போதும்! உங்கள் லென்ஸ் 0.25 மடங்கு மட்டுமே போகும் என்றாலும் சதுரப் படத்தில் ஏறத்தாழ 3,600×3,600 புள்ளிகள் கிடைக்கும், 13 மெகாபிக்சல். கறுப்பு வெள்ளையாக இருப்பதால் அகச்சிவப்பு இல்லாததும் நட்டமில்லை. அறுபது படங்களையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

இதற்கு வேண்டியவை: கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் ஸ்டாண்ட் அல்லது கிடைக்கம்பி உள்ள டிரைபாட், சீரான வெளிச்சம் தரும் வெள்ளை எல்இடி பேனல், ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்க ஒரு ஹோல்டர், கறுப்பு அட்டை. பேனலின் மேல் ஃபிலிமை நேரடியாக வைக்காதீர்கள். இரண்டு மூன்று செ.மீ. உயர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் பேனல் மேல் இருக்கும் தூசியும் படத்தில் விழும். டேப்லெட் திரையை வெளிச்சமாகப் பயன்படுத்தினால் அதன் பிக்சல்களே தெரியும் அபாயம் உண்டு. படத்தைச் சுற்றி வெளிச்சம் கசியாமல் கறுப்பு அட்டையால் மறைத்து, அறை விளக்கை அணையுங்கள். கேமரா ஃபிலிமுக்கு நேர் இணையாக இருக்கிறதா என்று அறிய, ஃபிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை வைத்துப் பாருங்கள்: லென்ஸின் பிம்பம் படத்தின் நட்ட நடுவில் தெரிந்தால் சரி. லென்ஸை ஜூமின் நீண்ட முனையிலும் எஃப்/8-லும், ஐஎஸ்ஓவை 100-லும் வைத்து, இரண்டு விநாடி டைமரில், ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைப்பது) எடுங்கள். மூலைகளில் கூர்மை போதவில்லை என்றால் எஃப்/11 வரை போகலாம்.

நான்கு மாதத்தில் முடியுமா?

எல்லாவற்றையும் முடிக்க முடியாது. அகச்சிவப்போடு 3600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஹோல்டரை நகர்த்தி, பெயரிட்டுச் சேமிக்க ஒரு படத்துக்கு நான்கு நிமிடம் என்று வையுங்கள். 1,700 படங்களுக்கு 113 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் என்றால் 38 வாரம். பிறந்தநாளுக்கு முன் உங்களுக்கு இருப்பது சுமார் 17 ஞாயிறுகள்.

அதனால் முதல் இரண்டு ஞாயிறுகளில் ஸ்கேனரைத் தொடவே வேண்டாம். அதே எல்இடி பேனலில் ஒவ்வொரு உறையையும் பரப்பி, ஃபோனில் படம் எடுத்து, நிறங்களைத் தலைகீழாக்கிப் பாருங்கள். உறைக்கு ஓர் எண் கொடுங்கள். மங்கலானவை, ஒரே காட்சியில் நாலைந்து எடுத்தவை எல்லாம் கழிந்தால் 600 படங்களுக்குள் அடங்கும். 600 என்றால் 40 மணி நேரம். பதினான்கு ஞாயிறுகளில் முடிந்துவிடும், கறுப்பு வெள்ளைக்கும் ஒரு ஞாயிறு மிஞ்சும். மீதமுள்ளதைப் பிறகு நிதானமாகச் செய்யுங்கள். நிறம் மங்கி வரும் பழைய ஸ்லைடுகளையும் முகங்கள் உள்ள படங்களையும் முன்னால் தள்ளுங்கள். இயற்கைக் காட்சிகள் காத்திருக்கலாம்.

ஸ்கேன் செய்யும்போது

*சுத்தம்.* அகச்சிவப்பு இருக்கிறது என்று தூசியைத் தட்டாமல் விடாதீர்கள். அது நிரப்பும் ஒவ்வொரு இடமும் ஊகம்தான். கையால் அழுத்தும் ரப்பர் ப்ளோயரால் ஊதி, மென்மையான ஆன்டிஸ்டாட்டிக் பிரஷ்ஷால் தட்டுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளி எமல்ஷனில் (படம் பதிந்திருக்கும் படலத்தில்) கறையாகும். ஃபிலிமின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். நைட்ரைல் கையுறை நல்லது. பளபளப்பான பின்பக்கத்தில் பிசுக்கு இருந்தால் 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சற்றே நனைத்த, நார் உதிராத துணியால் துடைக்கலாம். மங்கலான பக்கம்தான் எமல்ஷன்; அதில் தண்ணீர் படவே கூடாது.

*வளைந்த ஃபிலிம்.* ஸ்கேன் ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வந்தால் ஃபிலிம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். உறையிலிட்டு கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் வையுங்கள். சாதாரணக் கண்ணாடியால் அமுக்கினால் வானவில் வளையங்கள் விழும். இவற்றை நியூட்டன் வளையங்கள் என்பார்கள். கண்ணாடிதான் வேண்டுமென்றால் அதைத் தடுப்பதற்கென்றே விற்கும் சொரசொரப்பான வகையை வாங்குங்கள்.

*கோடு.* எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நீளக் கோடு வந்தால் பழி ஃபிலிமுடையதல்ல. ஸ்கேனர் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும்போது வழியில் ஏதோ இருந்திருக்கிறது. ஹோல்டரை வெளியே எடுத்துவிட்டு அணைத்து மீண்டும் இயக்குங்கள். பிளாட்பெட்டில் ஹோல்டரின் முனையில் இருக்கும் திறந்த பகுதியில் தூசி படிந்தாலும் இதே கதைதான்.

*அமைப்புகள்.* ஒரு நிறத்துக்கு 16 பிட், அதாவது 48 பிட் டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் கோப்பு வகை). ஷார்ப்பனிங்கையும் மணி குறைக்கும் வசதியையும் அணையுங்கள். அவற்றைப் பிறகு பிரதியில் செய்துகொள்ளலாம். படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் இரு முனையிலும் கொஞ்சம் இடம் விடுங்கள். 3600 டிபிஐயில் ஒரு படம் 104 எம்பி வரும். 1,700 படங்களுக்கு ஏறத்தாழ 180 ஜிபி. 7200-இல் ஸ்கேன் செய்து பாதியாகக் குறைத்தால் நுணுக்கம் சற்றுக் கூடும், ஆனால் கோப்பு 400 எம்பியைத் தாண்டும், நேரமும் நீளும். சுவரில் மாட்டப்போகும் இருபது படங்களுக்கு மட்டும் அதைச் செய்யுங்கள்.

*நிறம்.* கலர் நெகட்டிவின் ஆரஞ்சு அடித்தளத்தை மென்பொருள் கழித்துத் தருகிறது. சில்வர்ஃபாஸ்ட் என்ற ஸ்கேனிங் மென்பொருளில் ஃபிலிம் பெயரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் உண்டு; பழைய, மங்கிய ஃபிலிமில் அது பொருந்தாமல் போவது சகஜம். வியூஸ்கேன் என்ற மற்றொரு மென்பொருளில் ஒரு ரோலின் படமில்லாத வெறும் பகுதியைக் காட்டி எக்ஸ்போஷரையும் அடித்தள நிறத்தையும் பூட்டிவிடலாம். அந்த ரோல் முழுவதும் ஒரே சீராக வரும். படத்துக்குப் படம் தானாகச் சரிசெய்ய விட்டால் ஒரே பந்தியில் எடுத்த பத்துப் படங்கள் பத்து நிறத்தில் வரும்.

*தேதி.* ஸ்கேன் செய்த நாளே படம் எடுத்த நாளாகக் கோப்பில் பதியும். மெட்டாடேட்டாவில் (கோப்போடு சேர்ந்திருக்கும் விவரக் குறிப்பில்) அதை உண்மையான ஆண்டுக்கு மாற்றுங்கள். கோப்புப் பெயரில் உறை எண், துண்டு எண், படத்தின் எண் மூன்றும் இருக்கட்டும். இருப்பவர்களின் பெயரையும் விவரத்தில் சேருங்கள். அம்மாவிடம் கேட்டு எழுத இப்போதுதான் நேரம். கோப்புகளை மூன்று பிரதிகளாக வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

பழைய கருவி, வெளி ஆய்வகம்

நிக்கான் கூல்ஸ்கேன் பழையது கிடைத்தால் வாங்கலாமா என்று யாராவது உங்களைத் தூண்டக்கூடும். 4000 டிபிஐயும் ஏறத்தாழ உண்மையாகவே தரும் அருமையான கருவி அது. தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் ஆகின்றன; சில மாடல்களுக்கு இன்றைய கணினிகளில் இல்லாத ஃபயர்வயர் இணைப்பு வேண்டும்; உள்ளிருக்கும் கண்ணாடியில் மங்கல் படிந்திருந்தால் வெளிச்சமான இடங்களைச் சுற்றி ஒளிவட்டம் வரும். நேரில் ஒரு ஸ்லைடைப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள். காலக்கெடு இருக்கும் உங்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

ஒரு பகுதியை வெளியே கொடுப்பதென்றால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: 16 பிட் டிஃப் தருவார்களா, எந்தக் கருவியில் செய்வார்கள், உறைகளின் வரிசை மாறாமல் திரும்பி வருமா. ஒரு ரோலை மட்டும் முதலில் கொடுத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே பார்சலில் அனுப்பாதீர்கள்.

ஒட்டிக்கொண்ட அந்த இரண்டு துண்டுகளைக் கட்டாயம் வெளியே கொடுக்க வேண்டும். இழுத்துப் பிரித்தால் ஒன்றின் எமல்ஷன் மற்றதோடு உரிந்து வந்துவிடும். பூஞ்சை பிடித்திருந்தால் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும். ஊறவைத்தால் படமே போய்விடலாம். ஃபிலிம் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் அப்படியே கொண்டுபோங்கள்.

வினிகர் நெடி அடிக்கும் உறையை இன்றே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். அசிடேட் ஃபிலிமின் அடித்தளம் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியாகிறது. அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல ஃபிலிமையும் கெடுக்கும். சிதைவைத் திருப்ப முடியாது. ஃபிலிம் சுருங்கி எமல்ஷன் மடிந்துபோவதற்குள் ஸ்கேன் செய்ய வேண்டும். உங்கள் வரிசையில் அது முதலில் வரட்டும். இறுக மூடிய டப்பாவில் வைக்காதீர்கள். காற்றோட்டமான, குளிர்ந்த, உலர்ந்த இடம் வேண்டும்.

மற்ற நெகட்டிவ்களை அப்புறப்படுத்தும் எண்ணத்தைக் கைவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் ஒரே நொடியில் செயலிழக்கலாம். நன்றாக வைத்த நெகட்டிவ் கரண்டும் மென்பொருளும் இல்லாமல் வெறும் வெளிச்சத்தில் பார்க்கக் கிடைக்கும். இன்று கழித்த 1,100 படங்களில் எது வேண்டும் என்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. இப்போதுள்ள உறைகள் மெத்தென்று, பிளாஸ்டிக் வாடையோடு இருந்தால் அவை ஃபிலிமைக் கெடுக்கும் பிவிசி பிளாஸ்டிக்காக இருக்கலாம். அவற்றிலிருந்து எடுத்து பாலிபுரோப்பிலீன் உறைகளுக்கு மாற்றுங்கள். ஒவ்வொன்றின் மேலும் கோப்புப் பெயரில் கொடுத்த அதே உறை எண்ணைப் பென்சிலால் எழுதிய சிறு காகிதத்தைச் செருகி, சமையலறையிலிருந்தும் பரணிலிருந்தும் தள்ளி, வெப்பம் ஏறாத அலமாரியில் வையுங்கள்.